வெடிபொருள் வண்டி எரியும்போது முதல் பத்து நிமிடம்: தீயணைப்புத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இயக்குநர் அவர்கள், விருதுநகர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நெடுஞ்சாலை ரோந்துக் காவலுக்குப் பொறுப்பான அதிகாரிகள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சிவகாசியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். பட்டாசுப் பண்டல்கள் எப்படி ஏறுகின்றன, தார்ப்பாய் எப்படி இழுத்துக் கட்டப்படுகிறது, ஓட்டுநர் கையில் என்னென்ன தாள்கள் கொடுத்தனுப்பப்படுகின்றன என்பதை அன்றாடம் பார்த்தவன். இப்போது சாத்தூரில், நான்குவழிச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறேன். வெடிபொருள் ஏற்றிய வண்டி ஒன்று நடுவழியில் தீப்பிடித்தால் முதலில் அதன் அருகே போய்ச் சேருகிறவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று இந்தச் சாலையோரத்து டீக்கடைக்காரர்களிடமும் பெட்ரோல் பங்க் பிள்ளைகளிடமும் ஓட்டுநர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றே: தண்ணீரோ மண்ணோ எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அணைப்போம். அந்தப் பதில் அளித்த அச்சம்தான் உங்கள் மூவருக்கும் இந்த மடலை எழுத வைக்கிறது.

ஓடிப்போய் உதவுவது நம் மக்களின் இயல்பு. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நல்ல குணமே இந்த ஒரு வகை விபத்தில் உயிரைக் குடிக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது. 38 பேருக்குக் குறையாமல் இறந்த அந்த விபத்தில், முதல் வெடிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள் பலர் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கி மாண்டார்கள். 2007 ஏப்ரலில் திண்டிவனத்தை அடுத்த செண்டூரில் வெடிபொருள் ஏற்றிய ஜீப் ஒன்று வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது பற்றிய தீயில், பக்கத்துக் கட்டடத்து ஸ்கேன் மையத்தில் இருந்தவர்கள் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். இறந்தவர்கள் எட்டுப் பேருக்குக் குறையாது. அவர்களில் பெரும்பாலோர் பட்டாசுத் தொழிலோடு தொடர்பில்லாதவர்கள். பரிசோதனைக்கு வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும்தான்.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து வெளியிடும் அவசரகால வழிகாட்டி நூல் ஒன்று உலகெங்கும் தீயணைப்பு வண்டிகளில் வைக்கப்பட்டிருக்கிறது. வெடிபொருள்களுக்கான அதன் 112ஆம் எண் விதியில் சுற்றிவளைத்த பேச்சு எதுவும் கிடையாது. தீ சரக்கை எட்டிவிட்டால் அணைக்க முயலக் கூடாது. எல்லாத் திசைகளிலும் 1600 மீட்டர் தூரத்துக்கு மக்களை அப்புறப்படுத்திவிட்டு, எரிந்து முடியும்வரை விட்டுவிட வேண்டும். தீ இல்லாமல் வண்டி கவிழ்ந்து சரக்கு மட்டும் சிதறியிருந்தால் குறைந்தது 500 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் சுங்கச்சாவடிப் பணியாளர் முதல் ஊராட்சித் தலைவர் வரை இந்தத் தடத்திலுள்ள ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்லும் நிலை வர வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை.

ஏன் அணைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மக்கள் ஏற்பார்கள். வைக்கோல் எரிந்தால் மண்ணைப் போட்டு மூடலாம். காற்று அறுந்ததும் தீ அடங்கும். வெடிமருந்துக்கு வெளிக்காற்று தேவையில்லை. வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்) பச்சை உப்பும் (பேரியம் நைட்ரேட்) தம்மிடமுள்ள ஆக்சிஜனைத் தாமே கொடுத்து, கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் எரிய வைக்கின்றன. மண்ணும் நுரையும் ஈரச் சாக்கும் அந்த எரிதலை நிறுத்துவதில்லை. தார்ப்பாயால் இறுக மூடிக் கட்டிய வண்டிக்குள் அட்டைப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்போது, நடுவிலிருக்கும் பெட்டியின் சூடு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. வெளியே தீ சிறிதாகத் தெரிகிறது என்று நெருங்குவதற்கும் உள்ளே மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சுமார் 16 டன் வெடிபொருளோடு மலைப்பாதையில் கவிழ்ந்த லாரி ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் வெடித்தது. 2004 மே மாதம் ருமேனியாவின் மிஹெய்லெஷ்ட் கிராமத்தருகே 20 டன் அம்மோனியம் நைட்ரேட்டோடு கவிழ்ந்து எரிந்த லாரியோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து, அணைக்க வந்தவர்களும் ஊர்க்காரர்களும் சுற்றிக் கூடிய பிறகு வெடித்தது.

இந்த இரண்டு விபத்துகளின் முடிவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். யூட்டாவில் நெடுஞ்சாலையே பிளந்து பெரும் பள்ளமானது. அருகிலிருந்த ரயில் பாதையும் சிதைந்தது. ஆனால் ஒருவர்கூட இறக்கவில்லை. ஏற்றியிருந்தது என்ன என்று தெரிந்த ஓட்டுநர் தரப்பும், பின்னால் வந்த வண்டிக்காரர்களும் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொண்டே ஓடியதுதான் காரணம். மிஹெய்லெஷ்டில் இறந்த 18 பேரில் ஏழு பேர் தீயணைப்பு வீரர்கள். இருவர் படம் பிடிக்க வந்த தொலைக்காட்சிச் செய்தியாளர்கள். இன்று நம் சாலையில் எந்த வண்டி எரிந்தாலும் அதைச் சுற்றி நின்று கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும் இளைஞர்களை நினைக்கும்போது எனக்கு அந்த இருவரின் நினைவுதான் வருகிறது.

1600 மீட்டர் என்பது ஏறத்தாழ இருபது நிமிட நடை. மூன்று நிமிடத்தில் அதை எவராலும் கடக்க முடியாது என்பதால், அந்தத் தூரம் எட்டாதவர் என்ன செய்வது என்பதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும்: வண்டிக்கும் தமக்கும் நடுவே கனத்த சுவரோ சாலை மேடோ வரும்படி மறைந்து தரையோடு படுத்துக்கொள்வது, கண்ணாடிச் சன்னல் அருகே நிற்காமலிருப்பது, வீட்டுக்குள் இருப்பவர் வேடிக்கை பார்க்கச் சன்னலுக்கு வராமலிருப்பது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது, தூரத்துத் தீயைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பேரை உடைந்த கண்ணாடியே காயப்படுத்தியது.

இனி, நான் நேரில் அறிந்த ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். இந்தத் தடத்தில் சரக்கு வண்டிகளில் தீ பெரும்பாலும் டயரில்தான் பிறக்கிறது என்பார்கள் ஓட்டுநர்கள். பின்பக்க இரட்டை டயரில் உள்டயர் பஞ்சரானால் வெளிடயர் சுமையைத் தாங்கிக்கொள்ளும், ஓட்டுநருக்குத் தெரியாது. காற்றிழந்த டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். பிரேக் டிரம் ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். முதலில் ரப்பர் கருகும் வாடை வரும், பிறகு மெல்லிய வெண்புகை, அதன் பிறகே சுடர். வாடை வரும்போதே வண்டியை ஊரைவிட்டு ஒதுக்குப்புறமாக நிறுத்தி, டயரில் மட்டும் தீ இருக்கும் நிலையில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் காப்பாற்றிவிடலாம். உலர்பொடித் தீயணைப்பான் சுடரை அடக்கும். ஆனால் உள்ளே ரப்பரின் சூடு தணியாததால் சற்று நேரத்தில் மறுபடியும் பற்றும். அதனால் தண்ணீர் வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு குடம் போதாது. தீ டயரைத் தாண்டிப் பாடியின் பலகையையோ தார்ப்பாயின் ஓரத்தையோ தொட்டுவிட்டால் அத்தோடு எல்லாவற்றையும் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். அதன் பிறகு வண்டியை நகர்த்தவும் கூடாது, பண்டல்களை இறக்கிக் காப்பாற்றவும் கூடாது. டயர் தீயா, சரக்குத் தீயா என்ற இந்த ஒரு தீர்மானத்தை எடுக்க வேண்டியவர்கள் அந்த நேரத்தில் அங்கே இருக்கும் ஓட்டுநரும் கிளீனரும்தான். அவர்களுக்கு அதை முன்கூட்டியே, பேச்சு வழக்கில், வண்டிப் பக்கத்தில் நிறுத்திவைத்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். சரக்கின் மதிப்பை நினைத்து இரண்டு பண்டல்களையாவது இறக்கிவிடலாமே என்று தயங்குகிற ஓட்டுநரை நான் அறிவேன். பொருள் போனால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. ஓடிவிட்டதற்காக எந்த ஓட்டுநரும் தண்டிக்கப்படமாட்டார் என்ற உறுதியை நிர்வாகமே எழுத்தில் வாங்கித் தர வேண்டும்.

அடுத்தது அடையாளம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அபாயச் சரக்கு வண்டிகளுக்கென்றே 129 முதல் 137 வரை விதிகளை வகுத்திருக்கின்றன. வண்டியில் அபாய வகைப் பட்டையும், சரக்கு இன்னதென்று காட்டும் ஐ.நா. எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் கொண்ட தகவல் பலகையும் இருக்க வேண்டும். ஓட்டுநருக்கு எழுத்துமூல அறிவுரையும் பயிற்சியும் தரப்பட வேண்டும். நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஆரஞ்சு நிறச் சாய்சதுரப் பட்டை வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். மழைக்காகக் கட்டிய தார்ப்பாய் மேலிருந்து இறங்கி அதன் பாதியை மறைத்துவிடும். பின்பக்கத்துப் பட்டை சேறும் டீசல் புகையும் படிந்து நிறமே தெரியாமலிருக்கும். டிரெம் கார்டு என்று நாங்கள் சொல்லும் அறிவுரைத் தாள், பில், இன்சூரன்ஸ், பெர்மிட் ஆகியவற்றோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் மடித்துச் செருகப்பட்டு ஓட்டுநர் இருக்கைக்கு மேலே கிடக்கும். வண்டி எரியும்போது அதை எடுக்க வேண்டுமானால் எரிகிற வண்டிக்குள்ளேயே ஏற வேண்டும். என் கண்ணில் பட்ட தாள்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அவற்றைப் படித்துக் காட்டும்படி என்னிடம் கேட்ட ஓட்டுநர்கள் உண்டு.

அந்தத் தாளின் தமிழ்ப் படி ஒன்று ஓட்டுநரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். வடக்கே போகும் ஓட்டுநர்களுக்கு இந்தியிலும் தெலுங்கிலும் வேண்டும். ஏற்றும் இடத்திலேயே, தார்ப்பாய் கட்டிய பிறகும் நான்கு பக்கமும் பட்டை தெரிகிறதா என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. 1988 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் கான்சஸ் நகரில் சாலைப் பணி நடந்த இடத்தில் எரிந்துகொண்டிருந்த டிரெய்லர் வெடித்து ஆறு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். உள்ளே வெடிபொருள் இருக்கிறது என்று காட்டும் எந்த அடையாளமும் அதன்மேல் இல்லை.

பட்டை இருந்தாலும் அதையே முழுதாக நம்பிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெடிபொருள்களுக்கான ஐ.நா. வகைப்பாட்டில் பட்டாசுகளில் பல, தீ அபாயம் மட்டுமே முதன்மையான 1.3 வகையாகவும், சிறு அபாயமுள்ள 1.4 வகையாகவும் குறிக்கப்படுகின்றன. 1.4 வகைக்கு வழிகாட்டி நூல் சொல்லும் தூரம் 500 மீட்டர்தான். ஆனால் 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் பட்டாசுக் கிடங்கு எரிந்தபோது, குறைந்த வகையாகக் குறிக்கப்பட்டுக் கொள்கலன்களில் அடைக்கப்பட்டிருந்த சரக்கு மொத்தமாக வெடித்து ஒரு குடியிருப்புப் பகுதியையே அழித்தது. இறந்தவர்களில் நால்வர் தீயணைப்பு வீரர்கள். குறுகிய இடத்தில் அதிகச் சரக்கு அடைபட்டால் குறிப்பேட்டு வகையை மீறி நடந்துகொள்ளும் பொருள் இது. ஆகவே சாலையோரத்தில், என்ன ஏற்றியிருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது, 1600 என்ற பெரிய எண்ணையே பின்பற்றும்படி நிலைய அலுவலர்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

நம் மாவட்டத்துச் சாலைகளில் பட்டாசு மட்டும் போவதில்லை. கல்குவாரிகளுக்குப் பாறை பிளக்கும் ஜெலட்டின் குச்சிகளும் அவற்றை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டர்களும் போகின்றன. 2024 மே 1 அன்று காரியாபட்டி வட்டத்து ஆவியூர் அருகே குவாரியின் கிடங்கில் வெடிபொருளை வண்டியிலிருந்து இறக்கும்போது நேர்ந்த வெடிப்பில் தொழிலாளர்கள் உடல் சிதறி இறந்ததை ஊரே பார்த்தது. மின் டெட்டனேட்டர் இருக்கும் வண்டி என்றால் 100 மீட்டருக்குள் வயர்லெஸ் கருவியை இயக்கக் கூடாது என்று அதே வழிகாட்டி நூல் எச்சரிக்கிறது. ரோந்து வாகனம் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே எரிகிற வண்டியின் அருகில் போய் நிற்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் காவலர்களுக்குச் சொல்ல வேண்டும். அலுமினியப் பவுடர் ஏற்றிய வண்டி வேறு வகை. அது நனைந்தால் சூடேறி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அதன்மேல் தண்ணீர் பீய்ச்சுவது தீயை வளர்க்கும். இந்த வேறுபாடுகள் சிவகாசி நிலையத்து வீரர்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். ஆனால் சிவகாசியில் ஏற்றிய லாரி திண்டுக்கல்லிலோ கரூரிலோ கிருஷ்ணகிரியிலோ எரியக்கூடும். அங்குள்ள நிலையங்களுக்கும் இந்த அறிவு போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் இம்மடலை மாவட்ட அளவில் நிறுத்தாமல் துறை இயக்குநர் அவர்களுக்கும் எழுதுகிறேன்.

இயக்குநர் அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பல் வெடித்தபோது, அந்த ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையிலிருந்த 28 பேரில் 27 பேர் ஒரே நொடியில் இறந்தார்கள். பெய்ரூட்டிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லப்படாமலேயே தீயணைப்புப் படையினர் கிடங்கின் வாசலுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் குழுவில் பத்துப் பேரும் திரும்பவில்லை. தீயை நோக்கிப் போவதே உங்கள் வீரர்களின் கடமை என்று பழக்கியிருக்கிறீர்கள், எதிரே மக்கள் கூட்டம் நின்று "ஏன் சும்மா நிற்கிறீர்கள்?" என்று கத்தும்போது, விலகி நிற்பதற்குத் தனி மனிதராக ஒரு நிலைய அலுவலருக்குத் துணிச்சல் வராது. வெடிபொருள் சரக்கில் தீ பற்றியிருந்தால் விலகி நின்று மக்களை அப்புறப்படுத்துவதே பணி என்ற நிலையான எழுத்து ஆணை அவர் கையில் இருந்தால், அவர் அதைக் காட்டி நிற்பார். எவரேனும் வண்டிக்குள் உயிரோடு சிக்கியிருந்தால் என்ன செய்வது என்பதையும் அந்த ஆணையே சொல்லட்டும். அந்தப் பாரத்தை இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்த நிமிடத்தில் ஏற்றுவது நியாயமாகாது.

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு: இந்தத் தேசிய நெடுஞ்சாலை 44இல் எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியும் கோவில்பட்டி தாண்டிச் சாலைப்புதூர்ச் சுங்கச்சாவடியும் இரவு பகலாக ஆள் இருக்கும் இடங்கள். தீ என்ற செய்தி வந்ததும் இரு திசைப் போக்குவரத்தையும் எங்கே நிறுத்துவது, நிறுத்திய வண்டிகளை எந்த ஊர்ச் சாலை வழியாகத் திருப்புவது என்று முன்பே வரைபடம் போட்டு அங்கே கொடுத்துவைக்கலாம். பேருந்து ஓட்டுநர்கள் எரியும் வண்டியைப் "பட்டென்று தாண்டிப் போய்விடலாம்" என்று நினைப்பது வழக்கம். அதைத் தடுக்க ஆள் வேண்டும். 112க்கோ 101க்கோ அழைப்பு வந்தால் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வண்டியில் என்ன ஏற்றியிருக்கிறது? பட்டை என்ன நிறம்?" என்பதாக இருக்கட்டும், அழைத்தவரிடம் "அருகில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிடக் கூடாது. காற்று வீசும் திசையில் இருக்கும் மருத்துவமனை, பள்ளி, கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்கு உடனே தகவல் போக வேண்டும். ஸ்கேன் மையத்தில் நேர்ந்தது நமக்குச் சொல்வது இதைத்தான்.

தீ அடங்கிய பின்னும், கவிழ்ந்த வண்டியின் அருகிலும், இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. சிதறிக் கிடக்கும் பெட்டிகளை எடுத்துப்போக ஆள் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். சிறு பிள்ளைகளும் ஓடுவார்கள். பாதி வெந்த பட்டாசும் உடைந்த டெட்டனேட்டரும் புதுச் சரக்கைவிடக் கொடியவை, உராய்விலேயே வெடிக்கும். அவற்றை இழுப்பதும், இரும்பு மண்வெட்டியால் வாருவதும், வந்த இன்னொரு வண்டியில் அவசரமாக மாற்றி ஏற்றுவதும் கூடாது. வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் அதிகாரி வந்து சொல்லும்வரை காவலர் கயிறு கட்டி நிறுத்தியிருக்க வேண்டும். சிவகாசியிலேயே அத்துறைக்கு அலுவலகம் இருப்பதால் தென்மாவட்டங்களுக்காவது அழைப்பு வந்த உடனே புறப்படும் முறை ஒன்றை ஏற்படுத்துவது கடினமாக இராது.

இவற்றுக்கெல்லாம் நாள் குறிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் பூசை போட்டுப் புது விற்பனையைத் தொடங்குவார்கள். அன்று முதல் தீபாவளி வரை இந்தச் சாலையில் பட்டாசு லாரிகளின் வரிசை நாளுக்கு நாள் கூடும். ஆடி பிறப்பதற்குள் தமிழ் அறிவுரைத் தாளை அச்சிட்டு ஏற்றுமிடங்களில் கொடுத்துவிடலாம். இரண்டு சுங்கச்சாவடிகளிலும் சாத்தூர், சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி நிலையங்களிலும் ஒத்திகை ஒன்றை நடத்திவிடலாம். பட்டாசு உற்பத்தியாளர்களும் லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர் சங்கத்தினரும் கலந்துகொள்ளும் கூட்டத்தை மாவட்ட ஆட்சியரகத்தில் கூட்டினால், தாளின் வாசகத்தை ஓட்டுநர்களுக்குப் புரியும் சொற்களில் அமைத்துத் தர நானும் என்னோடு வேலை பார்த்தவர்களும் வருகிறோம். கூட்டத்தின் தேதியை ஒரு வாரத்துக்கு முன்பாகத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர்,
சாத்தூர்.